‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன’

சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் வேலை என்றால், யாரோ செய்த காரியத்துக்கு நாம் பதில் சொல்லும் வேலை. அதுவும், என்ன செய்தோம் என்று நமக்கே சொல்லாமல் செய்த காரியத்துக்கு.

உங்களுக்கும் இது தெரிந்த கதைதான். காலையில் கைபேசியைத் திறந்தால் நேற்று இருந்த பொத்தான் இன்று இருக்காது. எங்கே போயிற்று என்று தேடினால், ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். எந்தப் பிழை? யாருடைய திறன்? யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களும் தலையைச் சொறிந்துவிட்டுப் பழகிக்கொள்வீர்கள். நான் அந்த ஒரு வரியை எழுதுகிற கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவள். அதைப் படித்துக் குழம்பிக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிறவள். என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

எங்களுடையது தூத்துக்குடியில் ஒரு சின்னக் கம்பெனி. மூன்றே மூன்று சரக்கு. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் காகிதம் போடுகிற ஏஜெண்டுகளுக்கு ஒன்று. உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடைகளுக்கு ஒன்று. மூன்றாவது, நாளைக்குக் கடலில் காற்று எப்படி இருக்கும் என்று வள்ளக்காரர்களுக்குக் காட்டும் ஆப். முதல் இரண்டில் எதையாவது சொல்லாமல் மாற்றினால் ஆட்கள் அலைவார்கள், திட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். மூன்றாவதில் சொல்லாமல் மாற்றினால் அந்த நேரத்தில் ஆள் கடலில் இருப்பார்.

அதனால்தான் என் சண்டை. ஒவ்வொரு தடவை புது வெர்ஷன் வெளியே போகும்போதும், என்ன மாறியிருக்கிறது என்று, பயன்படுத்துகிறவருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கூடவே அனுப்புங்கள் என்றேன். நான் கேட்டது அவ்வளவுதான். ஏதோ சொத்தில் பங்கு கேட்டதுபோல் பார்த்தார்கள்.

விரலுக்குச் சொல்லவில்லை

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ். கப்பலில் ஏற வேண்டிய கன்டெய்னர்களுக்கு அங்கே காகிதம் தயார் செய்கிறவர் முருகேசன். அடிக்கும்போது அவர் கீபோர்டையும் பார்க்கமாட்டார், திரையையும் பார்க்கமாட்டார். பக்கத்து மேசைக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக அடித்து முடிப்பார். முடித்ததும் எஃப் ஒன்பது என்ற பொத்தானை அழுத்துவார். எல்லாம் சேமிப்பாகிவிடும். எங்கள் சாஃப்ட்வேர் பிறந்த நாளிலிருந்து அது அப்படித்தான்.

ஒரு புது வெர்ஷனில் அந்த எஃப் ஒன்பதை ‘புதிதாகத் தொடங்கு’ என்று மாற்றிவிட்டார்கள். சேமிப்பதற்கு வேறொரு பொத்தான். கூட வந்த குறிப்பில் இருந்தது, ‘பயன்படுத்தும் அனுபவம் மேம்படுத்தப்பட்டது’. முருகேசன் வழக்கம்போல் அடித்தார், ஊர்க்கதை பேசினார், எஃப் ஒன்பதை அழுத்தினார். பக்கம் வெள்ளையாகிவிட்டது. தான்தான் எதையோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து அடித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி வெள்ளை. அதற்குள் துறைமுக வாசலில் அவருடைய லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். கப்பலில் ஏற்றுவதற்கான நேரம் போய்க்கொண்டிருந்தது.

போனில் நான், “சார், புது வெர்ஷன்ல அந்தப் பொத்தான்...” என்று ஆரம்பித்தேன். எனக்கே அது தெரிந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கூப்பிட்ட பிறகு நானே திறந்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தது. அவர் என்னை முடிக்கவிடவில்லை.

“மேடம், எங்க வீட்ல பீரோவ எடம் மாத்துனாக்கூட வீட்டுக்காரிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் மாத்துவேன். நீங்க என் விரலுக்குச் சொல்லாமலே மாத்திட்டியளே.”

எட்டு வந்தால் ஆகாது

அன்று சாயங்காலமே முதலாளியின் அறைக்குப் போனேன். எங்கள் முதலாளி செல்வராஜ் அண்ணாச்சி. உடன்குடிப் பக்கத்துப் பலசரக்கு வியாபாரக் குடும்பம். சாஃப்ட்வேரையும் கடைச்சரக்காகத்தான் பார்ப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் நாள் பார்க்காமல் ஒரு சரக்கையும் வாசலைத் தாண்ட விடமாட்டார். வளர்பிறை முகூர்த்தமாக இருக்க வேண்டும், ராகு காலம் கழிந்திருக்க வேண்டும், அஷ்டமி நவமி கூடவே கூடாது. ஆடி மாதம் முழுக்க ஒரு வெர்ஷனும் வெளியே போகாது. ஆனால் புரோகிராம் எழுதுகிறவருக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. அவர் பாட்டுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். எல்லாம் குவிந்து கிடக்கும். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் மொத்தமாகத் திறந்துவிடுவார்கள். எதை எதற்கு மாற்றினோம் என்று அதற்குள் மாற்றியவருக்கே மறந்து போயிருக்கும்.

வெர்ஷன் நம்பருக்கும் ஜோசியர் உண்டு. அந்த நம்பரைப் பார்த்ததுமே, இது சின்னத் திருத்தமா, பழக்கத்தையே புரட்டிப் போடுகிற பெரிய மாற்றமா என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் புள்ளிக்கு முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண் என்று உலகத்தில் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரே விதி, கூட்டினால் எட்டு வரக்கூடாது. அதனால் மூன்று புள்ளி நான்குக்கு அடுத்தது மூன்று புள்ளி ஆறு. நடுவில் ஒன்று தங்களுக்கு மட்டும் வராமல் போய்விட்டதோ என்று பதறிக் கூப்பிடுகிறவர்களிடம் நான் என்ன சொல்ல? ஜோசியர் வீட்டு நம்பரைக் கொடுக்கவா?

முருகேசன் பட்ட பாட்டைச் சொன்னேன். வெர்ஷன் நம்பர், தேதி போட்டு, என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதிவிடலாம் அண்ணாச்சி, நானே எழுதுகிறேன், மாற்றியதை என்னிடம் சொன்னால் போதும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியைச் சரி செய்தார். பிறகு சொன்னார்:

“யம்மா பத்மா, நம்பர்ல எட்டு வந்தாத்தான் வெளங்காது. உள்ள என்ன இருக்குன்னு எவன் உக்காந்து வாசிக்கப் போறான்?”

உப்பா, காற்றா?

ஆறுமுகநேரியில் எடைமேடை வைத்திருக்கிறார் பேச்சியம்மாள். உப்பளத்துக்குப் போகும் லாரி முதலில் காலியாக அவருடைய மேடையில் ஏறும். உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மறுபடி ஏறும். இரண்டு எடையும் ஒரு சீட்டில் அச்சாகும். அந்தச் சீட்டின் தலைப்புகளை அவர் பிரஸ்ஸில் கொடுத்து முன்கூட்டியே அடித்து வைத்திருப்பார். இடது பக்கம் ‘காலி வண்டி’, வலது பக்கம் ‘பாரத்துடன்’. எங்கள் சாஃப்ட்வேர் அந்தந்த இடத்தில் எண்ணை மட்டும் அடிக்கும்.

சென்னையில் உட்கார்ந்து எங்கள் புரோகிராமை எழுதுகிறவருக்கு, லாரி என்றால் பாரத்தோடு வந்து இறக்கிவிட்டுக் காலியாகப் போவது என்று எண்ணம். பார எடை முதலில் வருவதுதான் ஒழுங்கு என்று இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். குறிப்பில் ‘அச்சு வடிவம் செம்மைப்படுத்தப்பட்டது’. செம்மை! அன்றைக்குப் பேச்சியம்மாளின் மேடையிலிருந்து போன லாரிகளின் சீட்டையெல்லாம் பார்த்தால், காலியாக வந்த வண்டி கனமாகவும் உப்பு ஏற்றிய வண்டி லேசாகவும் இருந்தது. வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்திச் சீட்டை வாங்கிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்து முடித்துவிட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். டிரைவர்கள் வெயிலில் நின்று பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

வயதில் என் அம்மாவை ஒத்தவர். சாதாரணமாக என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார். அன்று கேட்கவில்லை.

“ஏளா, உப்ப ஏத்துனா வண்டி கனம் கொறையுதுன்னு சீட்டுல அடிச்சு வச்சிருக்கிய. நாங்க இங்கன உப்ப ஏத்துதோமா, காத்த ஏத்துதோமா?”

தெரிந்துவிடுமே

அந்தச் சென்னைக்காரர் கார்த்திக். எங்கள் மூன்று சரக்கையும் அவர் ஒருவர்தான் எழுதுகிறார். வீட்டிலிருந்தே வேலை. தூத்துக்குடியை அவர் பார்த்ததே இல்லை. முதலாளி கைவிரித்த பிறகு நேராக அவரையே பிடித்தேன். நீ என்னென்ன மாற்றினாய் என்று எனக்கு மட்டுமாவது அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உடனே அனுப்பினார். சந்தோஷமாகத் திறந்தேன். ‘ஃபிக்ஸ்’ என்று ஒரு வரி. ‘மறுபடி ஃபிக்ஸ்’ என்று ஒரு வரி. ‘இது கடைசி ஃபிக்ஸ்’. ‘சத்தியமாக இது கடைசி’. இப்படியே கீழே போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே எனக்கு ஒன்றும் புரியாத கோப்புப் பெயர்கள்.

இது நீ உனக்காக எழுதிக்கொண்டது தம்பி, சமையல்காரர் அடுப்படியில் தனக்குள் முணுமுணுப்பதை இலையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரிமாற முடியுமா என்று கேட்டேன். இலையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது வேறு. புதிதாக என்ன வந்திருக்கிறது, ஏற்கெனவே இருந்தது எப்படி மாறியிருக்கிறது, எதை எடுத்துவிட்டீர்கள், எந்தத் தப்பைத் திருத்தினீர்கள், அதனால் நான் இனி என்ன செய்ய வேண்டும். ஒன்றை எடுக்கப் போகிறீர்கள் என்றால், அடுத்த வெர்ஷனில் எடுக்கப் போகிறோம், பழகிக்கொள்ளுங்கள் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். மாற்றுகிற அன்றைக்கே குறிப்பை எழுதிவிட வேண்டும், ஒரு மாதம் கழித்து நாடியைத் தடவிக்கொண்டு யோசிக்கக் கூடாது. காற்று ஆப்பில் மாற்றுவதானால் என்னிடம் சொல்லாமல் தொடவே தொடாதே, அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள் என்றும் சொன்னேன்.

கார்த்திக் முழுதும் கேட்டார். தன்மையான பிள்ளை, எதிர்த்துப் பேசமாட்டார். சரி, மனசில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

“இல்லக்கா, எதை சரி பண்ணோம்னு எழுதினா, இவ்வளவு நாளா அது தப்பா இருந்துச்சுன்னு கஸ்டமருக்குத் தெரிஞ்சுடுமே.”

நிலாத் தோற்றம்

என் நச்சரிப்புத் தாங்காமல் அடுத்த வெர்ஷனுக்கு ஒரு குறிப்பு வந்தது. ஒரு பக்கம் கேட்டேன், மூன்று பக்கம் வந்தது. ‘மிகுந்த உற்சாகத்துடன் அறிவிக்கிறோம்’ என்று தொடக்கம். வரிக்கு வரி ராக்கெட் படம், நட்சத்திரப் படம். இப்போது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க ஏஐ வந்துவிட்டது அல்லவா, கார்த்திக் அதனிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார். கொடுத்ததும் அந்த ‘சத்தியமாக இது கடைசி’ வரிகளைத்தான். அதை வைத்துக்கொண்டு பாவம் அது என்ன செய்யும்? தானே யோசித்து, தானே வாரி வழங்கியிருக்கிறது. அதில் ஒன்று, ‘கண்களுக்கு இதமான நிலாத் தோற்றம் அறிமுகம்’.

முருகேசனுக்குக் கண்ணில் கொஞ்சம் கோளாறு உண்டு. வெள்ளைத் திரையைப் பார்த்தால் நீர் வடியும். நிலாத் தோற்றம் என்று படித்ததும், திரை இருட்டாகிவிடும் என்று மனுஷன் ஆசையாகத் தேடியிருக்கிறார். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று எங்கள் சாஃப்ட்வேரில் கிடையாது. ஆனால் உண்மையிலேயே அந்த வெர்ஷனில் மாறியிருந்த ஒன்று, அச்சடிக்கச் சொன்னால் முதல் பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு நின்றுவிடும் என்பது, மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. அதை அவர் கஸ்டம்ஸ் ஆபீஸில் போய் நின்ற பிறகு அங்கே இருந்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டார்.

எனக்கு அன்று வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. ஏஐயைத் திட்டலாம், அது உடனே அழகாக மன்னிப்பு கேட்கும். முருகேசனிடம் நான் மன்னிப்பு கேட்டேன்.

“இல்லாததப் படம் போட்டுச் சொல்லுதிய, இருக்கதச் சொல்ல மாட்டேங்கிய. பேசாம அந்தப் பழைய பொய்யவே எழுதுங்க மேடம், அது ஒரு வரியோட போயிரும்.”

இருபத்தைந்து

இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பெரியதாழை என்ற மீனவ ஊருக்கு அந்தக் காற்று ஆப்பைக் கொண்டுபோய்க் காட்டிக்கொடுத்தவள் நான்தான். சந்தியாகு அண்ணன்தான் முதலில் வாங்கிக்கொண்டார். தம்பி ஆரோக்கியத்தோடு ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அரசாங்க எச்சரிக்கை வந்த நாளில் யாரும் வள்ளத்தைத் தள்ளமாட்டார்கள். எச்சரிக்கை இல்லாத சாதாரண நாளில்தான் தொல்லை. அங்கே விடியும் முன்னால் கடல் குளம்போல் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பும். அது எவ்வளவு எழும்பும் என்று கரையில் நிற்கும்போது சொல்ல முடியாது. அதற்குத்தான் ஆப்பில் பெரிதாக ஓர் எண் இருக்கும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் காற்று என்று அர்த்தம். அதை வைத்து அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். முப்பதுக்குக் கீழே என்றால் போகலாம், மேலே என்றால் கரையில் கிடந்து வலை பார்க்கலாம்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. ஆடியில் குவிந்ததெல்லாம் திறந்துவிடப்பட்டது. காற்று ஆப்புக்கும் புது வெர்ஷன். குறிப்பு, ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன’. அந்தச் சிறு பிழை என்ன தெரியுமா? கிலோமீட்டர் கணக்கை எடுத்துவிட்டுக் கப்பல்காரர்கள் சொல்லும் நாட் கணக்கைப் போட்டிருந்தார்கள். உலகம் முழுக்கக் கடலில் அதுதானாம். இருக்கலாம். ஆனால் ஒரு நாட் என்பது மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. எண் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது, காற்று பாதியாகவில்லை. திரையில் எண் அதே இடத்தில், அதே அளவில், அதே நீல நிறத்தில் இருந்தது. பக்கத்தில் பொடியாக இருந்த இரண்டு எழுத்து மட்டும் மாறியிருந்தது.

சந்தியாகு அண்ணன் பார்த்தபோது ஆப் இருபத்தைந்து காட்டியது. அவர் கணக்கில் அது போகலாம். உண்மையில் அது பழைய நாற்பத்தாறு. அண்ணனும் தம்பியும் போனார்கள். வெயில் ஏறியதும் காற்று எழும்பி வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. எஞ்சின் நனைந்து நின்றுவிட்டது. வலையை இழுத்து ஏற்ற வழியில்லாமல் அறுத்துவிட்டார்கள். கவிழ இருந்த வள்ளத்துக்குள் ஆரோக்கியம் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. தூரத்தில் போன பெரிய போட்டுக்காரர்கள் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்ததால் இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள். பார்க்காமல் போயிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் சந்தியாகு அண்ணனும் அவர் மனைவி மரியபுஷ்பமும் எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். அண்ணன் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போனை என் மேசைமேல் வைத்து, அந்த எண்ணைக் காட்டி, இதில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். நான் பார்த்துச் சொன்னேன். இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். செல்வராஜ் அண்ணாச்சி அறையிலிருந்து வெளியே வந்து, அப்டேட்டில் போட்டிருந்தோமே என்று இழுத்தார். மரியபுஷ்பம் அவர் பக்கம் திரும்பினார்.

“எங்கூர்ல பூசை நேரம் அரை மணி மாறுனாலே கோயில் மைக்ல மூணு தடவ சொல்லுதாவ. நீங்க காத்தயே மாத்திட்டு ஒரு வார்த்த சொல்லல.”

அஷ்டமி

அவர்கள் போன பிறகு கார்த்திக்கைக் கூப்பிட்டோம். அவர் நடுங்கிப்போனார். அதைச் சொல்ல வேண்டும். உடனே பழையபடி கிலோமீட்டருக்கு மாற்றி இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று கத்தினேன். ஆமாம், ஆபீஸில் முதல்முறையாகக் கத்தினேன். பெரியதாழையில் நடந்தது அதற்குள் மற்ற கரைகளுக்கும் தெரிந்து, எண்ணைப் பாதியாக்கிவிட்டார்கள், இரட்டிப்பாக வைத்துப் பார் என்று சிலர் பழகிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு இன்னும் ஒன்றும் தெரிந்திருக்காது. இந்த நேரத்தில் மறுபடி சத்தமில்லாமல் மாற்றினால் யார் எந்தக் கணக்கில் பார்க்கிறார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். முதலில் சொல்லுங்கள், பிறகு மாற்றுங்கள் என்றேன். நாட் கணக்கு தப்பில்லை, கிலோமீட்டர் கணக்கும் தப்பில்லை, சொல்லாமல் மாற்றியதுதான் தப்பு என்று எத்தனை தடவைதான் சொல்வது?

கார்த்திக், “சரிக்கா, நீங்க சொல்ற மாதிரியே எழுதி அனுப்பலாம்” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒரு பக்கம் எழுதி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் படித்தார். மேசைமேல் கிடந்த காலண்டரைத் திருப்பினார். ஆரோக்கியத்தின் தோள் அவர் மனசையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. இருந்தும் சொன்னார்:

“எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. வெள்ளிக்கெழம நல்ல முகூர்த்தம் இருக்கு, அன்னைக்கு விட்டுருவோம்.”

மைக்கில் மூன்று தடவை

வெள்ளிக்கிழமை வரைக்கும் காற்று காத்திருக்குமா? அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கிப் பெரியதாழைக்குப் போனேன். வேலை போய்விடும் என்று தெரியும். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. நான் வைணவக் குடும்பத்துப் பெண், கோயில் என்றால் எனக்குப் பெருமாள் கோயில்தான். அங்கே கோயில் என்றால் சர்ச். அந்த வேதக் கோயில் வாசலில் செருப்பை எங்கே விடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சந்தியாகு அண்ணன் என்னைக் கோயில்பிள்ளையிடம், அதாவது அங்கே மணியடித்து மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவரிடம், கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் கோயில்பிள்ளை என் காகிதத்தை வாசித்தார். ‘காற்று ஆப் வைத்திருக்கிறவர்கள் கவனத்துக்கு. இந்த ஆவணியில் வந்த புது வெர்ஷனில் கணக்கு மாறியிருக்கிறது. முன்னால் கிலோமீட்டர், இப்போது நாட். திரையில் பதினாறு என்று இருந்தால் அது பழைய முப்பது. பதினாறுக்கு மேலே காட்டினால் தொழிலுக்குப் போக வேண்டாம். பழையபடி மாற்றுவதாக இருந்தால், மாற்றுவதற்கு முன்னால் இதே மைக்கில் சொல்வோம்.’ மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது கடற்கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போனை எடுத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மரியபுஷ்பம் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கோயில்பிள்ளை திருப்பித் தந்த அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“இம்புட்டுத்தானா? இத எழுதவா ஒங்க கம்பெனில ஒரு ஆளு கெடைக்கல?”

யார் வாசிக்கப் போகிறார்கள்

மறுநாள் அண்ணாச்சி என்னை அறைக்குள் கூப்பிட்டார். கம்பெனி மானத்தை மைக் போட்டு ஏலம் விட்டுவிட்டாய் என்றார். யாரைக் கேட்டுப் போனாய் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வேறொரு கரையிலிருந்து, பெரியதாழையில் சொன்னார்களாமே, எங்கள் ஊர் மைக்குக்கும் அந்தக் காகிதத்தை அனுப்புங்கள் என்றார்கள். அவர் வைத்ததும் இன்னொரு ஊர். அதற்குப் பிறகு இன்னொன்று. அண்ணாச்சி வியாபாரி. ஆள் தேடி வருகிற சரக்கு எது என்று அவருக்குத் தெரியும். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எவன் வாசிக்கப் போகிறான் என்று கேட்டவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

“சரி, மைக்குக்கு வேணும்னா ஒவ்வொரு தடவையும் எழுதிக் குடு. அப்டேட்டோட மட்டும் போட்டுராத, எல்லாப் பயலும் வாசிச்சிரப் போறான்.”

ஆகவே மக்களே, எங்கள் சாஃப்ட்வேரில் இந்தத் தடவை என்ன மாறியிருக்கிறது என்று நீங்கள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால், சாயங்கால ஜெபம் முடிகிற நேரத்துக்கு ஏதாவது ஒரு கடற்கரைக் கோயில் பக்கமாகப் போய் நின்றுகொள்ளுங்கள்.